விபத்துச் செய்திகளில் டயர் என்ற குற்றவாளி

எமது பத்திரிகைகளில் வெளியாகும் வீதி விபத்துச் செய்திகளில் பல தசாப்தங்களாக மாறாமல் இருந்துவரும் வசனம் ஒன்று உண்டு. 'டயர் வெடித்ததனால் சாரதியின் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகி மரத்துடன் மோதியது' என்பதே அது. வாகனம் பஸ்ஸாக இருக்கலாம், வானாக இருக்கலாம், விமான நிலையத்திலிருந்து உறவினரை ஏற்றிவந்த காராக இருக்கலாம். மரத்துக்குப் பதிலாக மதகோ எதிரே வந்த லொறியோ இருக்கலாம். வசனம் மாத்திரம் மாறுவதில்லை. அதனைத் தொடர்ந்து 'மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்' என்ற இன்னொரு நிரந்தர வசனம் வரும். அந்த மேலதிக விசாரணையின் முடிவு என்னவென்று பத்திரிகைகளும் பின்னர் கேட்பதில்லை, வாசகர்களும் கேட்பதில்லை.

'வெடித்தது' என்ற சொல்லைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். இடி விழுந்தது, மரம் முறிந்தது, கிணறு வற்றியது என்பவற்றைப் போன்று அதுவும் தானாக நிகழ்ந்துவிட்ட ஒரு காரியத்தைக் குறிக்கும் சொல். அதில் எழுவாய் டயர்தான், மனிதன் எவனும் இல்லை. அந்த டயருக்கு எத்தனை வயது, அதன் பள்ளங்கள் எவ்வளவு ஆழம் எஞ்சியிருந்தன, அதில் காற்று இருந்ததா, அதனை அந்த இடத்தில் பூட்டியவர் யார், வாகனத்தை வீதியில் செல்ல அனுமதித்தவர் யார் என்ற கேள்விகள் அனைத்தையும் அந்த ஒரு சொல் மூடிவிடுகிறது. இறந்தவர்களின் குடும்பத்தினருக்கும் விதி என்று சொல்லி ஆறுதல் அடைவதற்கு அது வசதியாகப் போய்விடுகிறது. வாகன உரிமையாளருக்கும் அது வசதிதான்.

இலங்கையின் வீதிகளில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழக்கின்றனர். இவர்கள் எல்லோரையும் டயர் கொன்றதாக நான் கூறவரவில்லை. வேகம், மது, நித்திரைக் களைப்பு, ஒருவரை ஒருவர் முந்திச்செல்லும் வெறி ஆகியவையே முதற்காரணங்கள். ஆனால், அவற்றைத் திருத்துவதற்கு மனித சுபாவத்தையே திருத்தவேண்டியிருக்கும். டயர் அப்படியல்ல. குனிந்து பார்த்தால் தெரியக்கூடிய ஒரு பொருள் அது. அதனால்தான் அதனைப் பற்றிய அலட்சியம் கூடுதலாக எரிச்சலை ஏற்படுத்துகிறது.

ஒரு காரின் முழுப் பாரத்தையும் வீதியில் தாங்கிநிற்பது நான்கு சிறிய பரப்புகளே. ஒவ்வொன்றும் ஏறக்குறைய மனிதனின் உள்ளங்கை அளவானது. பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிமானத்தில்தான் நடைபெறுகின்றன. டயரில் காற்றுக் குறையும்போது அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கதிகமாக மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை மாறிமாறி வளைத்தால் வளைந்த இடம் சூடேறுவதைப் போன்று அதுவும் சூடேறுகிறது. சூடு கூடக்கூட இறப்பருக்கும் அதனுள்ளே இருக்கும் உருக்குக் கம்பி அடுக்குகளுக்கும் இடையிலான பிணைப்புத் தளர்கிறது. ஒருநாள், பெரும்பாலும் வெயில் கொளுத்தும் பிற்பகலில், பாரம் கூடிய பயணமொன்றின்போது, அந்த அடுக்குகள் பிரிந்துவிடுகின்றன. நாம் கேட்கும் சத்தம் அந்த நீண்ட கதையின் கடைசிக் கணம் மாத்திரமே. அதற்கு முன்னைய பல மாதங்களாக அந்த டயர் தனது நிலையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் பிரித்தானியாவில் நடந்த ஒரு விபத்தைக் குறிப்பிட வேண்டும். 2012 செப்டெம்பரில் வைட் தீவில் இடம்பெற்ற இசைவிழா ஒன்றிலிருந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு லிவர்பூல் நோக்கிச் சென்ற பஸ் ஒன்று, சரே பிராந்தியத்தின் ஹைன்ட்ஹெட் என்ற இடத்துக்கு அருகே வீதியை விட்டு விலகி மரத்துடன் மோதியது. சாரதியும் இரு பயணிகளும் உயிரிழந்தனர். முன்சில்லு ஒன்றின் டயர் வெடித்திருந்தது. எமது நாட்டில் என்றால் செய்தி அத்துடன் முடிந்திருக்கும். அங்கே மரண விசாரணையில் டயரின் வயது கேட்கப்பட்டது. அது பத்தொன்பதரை ஆண்டுகள் பழைமையானது. உயிரிழந்த பயணிகளில் ஒருவரான இளைஞனுக்கு அப்போது வயது 18. அதாவது, அவனைக் கொன்ற டயர் அவனை விட வயதில் மூத்தது. அந்த டயரின் பள்ளங்கள் சட்டம் கோருகின்ற ஆழத்தில் இருந்தன என்பதுதான் இதில் மிகவும் கவனிக்கத்தக்கது. வெளிப்பார்வைக்கு அது நல்ல டயர். அந்த நாளின் சட்டப்படியும் அது நல்ல டயரே.

அந்த இளைஞனின் தாயார் ஓயவில்லை. அவர் பல ஆண்டுகளாக நடத்திய இயக்கத்தின் விளைவாக, பஸ்கள், லொறிகள் ஆகியவற்றின் முன்சில்லுகளிலும் மினிபஸ்களின் ஒற்றைச் சில்லுகளிலும் பத்து ஆண்டுகளைக் கடந்த டயர்களைப் பயன்படுத்துவது 2021 பெப்ரவரி முதலாம் திகதி தொடக்கம் அங்கே சட்டவிரோதமாக்கப்பட்டது. ஒரு விபத்திலிருந்து ஒரு சட்டம் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது. பிரித்தானிய அரசு இயந்திரமும் தானாக அசைந்துவிடவில்லை என்பதை நாம் மனதிற்கொள்ள வேண்டும். ஆனால், 'டயர் வெடித்தது' என்பதுடன் திருப்தியடைய மறுத்த ஒருவரின் கேள்வியே அங்கு எல்லாவற்றுக்கும் தொடக்கமாக இருந்தது.

டயரின் வயதை அறிவதற்கு நிபுணத்துவம் தேவையில்லை. அதன் பக்கச்சுவரில் டொட் என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வரிசையின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்று பொருள். மூன்று இலக்கங்கள் மாத்திரமே இருந்தால் அது கடந்த நூற்றாண்டைச் சேர்ந்த டயர். சில வேளைகளில் அந்த இலக்கங்கள் டயரின் உட்பக்கத்தில் இருக்கும், அப்போது வாகனத்துக்கு அடியில் எட்டிப்பார்க்க வேண்டும். இறப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமையடையும் பொருள். காற்றிலுள்ள ஒட்சிசனும் வெயிலும் அதனை உள்ளூர இறுகச் செய்கின்றன. கார் உற்பத்தியாளர்கள் சிலர் ஆறு ஆண்டுகளில் மாற்றுமாறு கூறுகின்றனர். டயர் உற்பத்தியாளர்களோ பத்து ஆண்டுகளைக் கடைசி எல்லையாகக் கொள்கின்றனர். வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கும் சந்தைக்கும் மாத்திரம் கொண்டுசெல்லப்படும் காரின் டயர்கள் தேயாமல் இருக்கின்றன என்று பெருமைப்படுபவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களுக்காக ஊர் வீடுகளில் உறை போட்டு மூடி வைத்திருக்கும் வாகனங்களுக்கும் இது பொருந்தும்.

இனி சில்லுகளின் சமநிலைக்கு வருவோம். இதுவே பலரும் தேவையற்ற செலவாகக் கருதும் விடயம். கராஜில் 'பலன்ஸ் பண்ணவா?' என்று கேட்டால், கடைக்காரர் பணம் பறிக்கப் பார்க்கிறார் என்று நினைப்பவர்கள் அதிகம். டயரும் றிம்மும் எவ்வளவு நுட்பமாகத் தயாரிக்கப்பட்டாலும் அவற்றின் பாரம் சுற்றிவரச் சரிசமமாக இருப்பதில்லை. ஒரு பக்கத்தில் சில கிராம்கள் கூடுதலாக இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் சிறிய உலோகக் கட்டி ஒன்றைப் பொருத்திச் சமன்செய்வதே 'வீல் பலன்சிங்'. முன்னர் அந்தக் கட்டிகள் ஈயத்தால் ஆனவை. அவை கழன்று விழுந்து வீதியோர மண்ணை நஞ்சாக்குகின்றன என்பதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் ஈயத்தைக் கைவிடச் செய்தது. இப்போது நாகமும் உருக்கும் அதன் இடத்தைப் பிடித்துள்ளன.

சில கிராம்களுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். 15 அங்குல றிம் ஒன்றின் விளிம்பில் 30 கிராம் பாரம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அது சில்லை வெளியே இழுக்கும் விசை ஒரு கிலோகிராமுக்குச் சற்று அதிகமான எடைக்குச் சமன். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். ஆகவே 100 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறக்குறைய நாலரைக் கிலோகிராமாகிவிடுகிறது. அந்த வேகத்தில் சில்லு செக்கனுக்கு 14 தடவைகள் சுற்றுகிறது. நாலரைக் கிலோகிராம் சுத்தியலால் செக்கனுக்கு 14 தடவைகள் அச்சையும் அதன் தாங்கிகளையும் தட்டிக்கொண்டிருந்தால் என்ன நடக்குமோ, அது மெல்லமெல்ல நடக்கிறது.

காலி வீதியில் நெரிசலுக்குள் ஊர்ந்துகொண்டிருந்த காலத்தில் எவரும் இதனை உணரவில்லை. 2011 நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டு, 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதற்குச் சட்டமே அனுமதித்த பின்னர்தான் பலருடைய வாகனங்கள் நடுங்கத் தொடங்கின. வீதி சரியில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன்சில்லுகளையும், ஆசனத்திலும் தளத்திலும் தெரிந்தால் பின்சில்லுகளையும் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் அது 80 கிலோமீற்றரைத் தாண்டும்போது ஆரம்பமாகும். அளவான வேகத்தில் சென்றால் போதும், நடுக்கம் இல்லையே என்று சமாதானம் கூறுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடுக்கம் உங்கள் கைக்குத் தெரியாத வேகத்திலும் டயர் அதனை உணர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்த டயர் அதற்குச் சாட்சி.

வாகனம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு செல்வது வேறு நோய். அதற்குரிய வைத்தியம் சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் 'எலைன்மன்ட்'. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி, ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைச் செய்துகொண்டு வீடு திரும்புபவர்கள் ஏராளம். டயரின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்க்கும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் அரம்போன்றும் இருந்தால் கோணம் தவறியிருக்கிறது என்று அறியலாம். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி தப்பியிருந்தால் காற்றுக் குறைவு. நடு மாத்திரம் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். சாதகம் பார்ப்பதை விட இது இலகுவானது, பலனும் நிச்சயமானது.

காற்றைப் பற்றிக் கூறும்போது எம்மவர்களிடம் உள்ள ஒரு வழக்கத்தைக் குறிப்பிடாமல் விடமுடியாது. பெற்றோல் நிரப்பு நிலையத்தில் 'எத்தனை இறாத்தல்?' என்று கேட்டால், 'முன்னுக்கு முப்பது, பின்னுக்கு முப்பத்திரண்டு' என்று எந்த வாகனத்துக்கும் ஒரே மந்திரத்தைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வாகனத்துக்கும் உரிய அளவு சாரதியின் கதவுத் தூணில் ஒட்டப்பட்டிருக்கிறது. டயரிலே அச்சிடப்பட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவே அன்றி நிரப்பவேண்டிய அளவல்ல. நீண்ட தூரம் ஓடிவந்து சூடாகியிருக்கும் டயரில் அளந்தால் உண்மையான அளவு தெரியவராது, காலையில் புறப்படும் முன் அளக்க வேண்டும். நைதரசன் வாயு நிரப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற விளம்பரத்தையும் இப்போது காண்கிறோம். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைதரசன் இருக்கிறது. மீதிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னர் நூறு தடவை யோசிக்கலாம்.

காற்றின் அளவு பற்றிய சர்ச்சை அமெரிக்காவின் இரண்டு பெரும் நிறுவனங்களின் உறவையே முறித்துப் போட்டிருக்கிறது. போர்ட் நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் வாகனங்களில் பூட்டப்பட்ட பயர்ஸ்டோன் டயர்கள், குறிப்பாக வெப்பம் மிகுந்த தென் மாநிலங்களில், ஓடும்போதே மேற்பட்டை பிரிந்து வாகனங்கள் குடைசாய்ந்தன. 2000 ஆகஸ்டில் 65 இலட்சம் டயர்கள் மீளப்பெறப்பட்டன. இவ்விபத்துகளுடன் தொடர்புபடுத்தப்பட்ட மரணங்கள் 271 என அமெரிக்க அரசின் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது. போர்ட் பரிந்துரைத்த 26 இறாத்தல் காற்று குறைவானது, 30 இறாத்தல் இருந்திருக்க வேண்டும் என்றது டயர் நிறுவனம். டயரே குறைபாடானது என்றது போர்ட். 1906இல் இரு ஸ்தாபகர்களின் நட்பில் தொடங்கிய வர்த்தக உறவு 2001 மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. யார் கூற்றில் எவ்வளவு உண்மை என்ற வாதம் எவ்வாறிருந்தபோதிலும், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு புதிய வாகனங்களில் கட்டாயமானது அதன் பின்னர் இயற்றப்பட்ட சட்டத்தினால்தான். ஆனால், அந்த விளக்கை நம்பி இருந்துவிடவும் கூடாது. அமெரிக்க விதியின்படி காற்று நான்கில் ஒரு பங்கு குறைந்த பிறகு அது எரிந்தால் போதும். 32 இறாத்தல் இருக்கவேண்டிய டயரில் அது எரியும்போது 24தான் இருக்கக்கூடும்.

மழைக்காலத்தில் இதன் விளைவு வேறு. 1960களில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் விமானச் சில்லுகளை வைத்து நடத்திய ஆய்வுகளிலிருந்து ஓர் எளிய சூத்திரம் கிடைத்தது. பள்ளம் தேய்ந்துபோன டயர், நீர் தேங்கிய பாதையில் எந்த வேகத்தில் தரையை விட்டு எழுந்து நீரின் மேல் வழுக்கத் தொடங்கும் என்பதை அதன் காற்றழுத்தமே பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது. 32 இறாத்தல் இருந்தால் ஏறக்குறைய 94 கிலோமீற்றர் வேகத்தில். 20 இறாத்தல் என்றால் 75 கிலோமீற்றரிலேயே. வடகீழ்ப் பருவமழையின்போது ஏ9 வீதியில் நள்ளிரவில் விரைந்து செல்லும் பஸ்களில் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்கள் இந்த இலக்கங்களை அறியாமல் இருப்பதே அவர்களின் நித்திரைக்கு நல்லது.

டயரை மாற்றுங்கள் என்று எழுதுவது எளிது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டியது. அதற்கு முன்னரே, 2020இல், வாகன இறக்குமதியுடன் டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் தனியாருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் வாகனங்கள் அனைத்தும் ஒன்றாக முதுமையடைந்தன. அன்றாடம் உரிமையாளருக்கு வாடகை கட்டிவிட்டு மீதியில் குடும்பத்தை நடத்தும் முச்சக்கரவண்டிச் சாரதியிடம் போய் ஆறு ஆண்டுக் கணக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. மொட்டை டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டிப் புதியதுபோல் ஆக்கும் கைத்தொழில் எமது பிராந்தியத்தில் வளர்ந்தது அவரைப் போன்றவர்களின் இயலாமையில்தான். கார் டயரில் அப்படி வெட்டினால் உருக்கு அடுக்குக்கும் வீதிக்கும் இடையில் மெல்லிய தோல்தான் எஞ்சும்.

மீள்புதுப்பித்த டயர்களை நான் இதில் சேர்க்கவில்லை. முறையாகச் செய்தால் அது மரியாதையான தொழில். விமானங்களின் டயர்களே பல தடவைகள் மீள்புதுப்பிக்கப்படுகின்றன. அவற்றை எங்கே பூட்டுகிறோம் என்பதே கேள்வி. அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையே ஓடும் பஸ்களின் முன்சில்லுகளில் மீள்புதுப்பித்த டயரைப் பூட்டுவதற்கு அனுமதி இல்லை. பின்னால் இரட்டைச் சில்லுகளில் ஒன்று போனாலும் மற்றது தாங்கும், முன்சில்லு போனால் ஸ்டியரிங்கும் போய்விடும்.

1876இல் பிரேஸில் விதைகளிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகளைக் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நட்ட நாடு இது. 1952இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசியை வாங்கியது. 1960களில் சோவியத் உதவியுடன் களனியில் அரச டயர்த் தொழிற்சாலையையும் அமைத்தது. இன்றும் உலகின் களஞ்சியங்களில் பாரம் தூக்கும் வண்டிகள் பலவற்றுக்குத் திண்ம டயர்களைச் செய்து அனுப்புகிறது. அப்படிப்பட்ட நாட்டில் மொட்டை டயரில் பள்ளம் வெட்டுகிறார்கள் என்பது பொருளியல் அறிஞர்கள் விளக்கவேண்டிய விடயம்.

அரசாங்கத்தினால் செய்யமுடியாத காரியம் ஒன்றை நான் கேட்கவில்லை. தனியார் கார் ஒன்றுக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். 2008இல் தொடங்கிய அந்தப் பரிசோதனைக்காக ஒவ்வோர் ஆண்டும் வாகனம் நிலையம் ஒன்றுக்குச் செல்கிறது, வரிசையில் நிற்கிறது, அதன் பின்பக்கக் குழாயில் கருவி செருகப்படுகிறது. அந்தக் குழாயிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கும் டயரை அங்கே எவரும் பார்ப்பதில்லை. பிரித்தானியாவில் மூன்று ஆண்டுகளைக் கடந்த ஒவ்வொரு காரினதும் டயர்கள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படுகின்றன. பள்ளம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்த டயருடன் பிடிபட்டால் டயர் ஒன்றுக்கு 2,500 பவுண் வரை தண்டம், அத்துடன் மூன்று தண்டப்புள்ளிகள். கியூபெக்கில் டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் வீதிக்கு வரக்கூடாது. ஒன்ராறியோவில் அப்படிக் கட்டாயம் இல்லை, ஆனால் அதனைப் பூட்டினால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கிடைக்கும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இவற்றையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் எம்மவர்கள், ஊருக்கு வந்து வாடகைக்கு வான் பிடிக்கும்போது ஆசனத்துக்குக் குளிரூட்டி வருகிறதா என்று மாத்திரம் பார்ப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. புறப்படுவதற்கு முன்னர் முன்சில்லுகளைக் குனிந்து பார்ப்பதனால் சாரதி கோபித்துக்கொள்வாரானால், வேறு வான் பிடிக்கலாம்.

கழற்றிய டயரின் கதையும் இந்நாட்டில் நல்ல கதையல்ல. 1988 - 90 காலகட்டத்தில் தெற்கின் வீதியோரங்களில் எரிந்த டயர்கள் எதற்காக எரிந்தன என்பதை எனது தலைமுறையினருக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது அவை கொல்லைப்புறங்களில் கிடந்து மழைநீரைத் தேக்குகின்றன. 2017இல் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமானவர்களை டெங்கு பீடித்தபோது சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாகத் தேடிய பொருட்களில் டயரும் ஒன்று. நுளம்புக் குடம்பிக்காக டயரைக் கவிழ்த்துப் பார்ப்பதற்கும் வழக்குத் தொடுப்பதற்கும் எம்மிடம் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அதே டயர் வாகனத்தில் பூட்டப்பட்டு 50 பேரைச் சுமந்து செல்லும்போது அதன் நான்கு இலக்கங்களை வாசித்துக் குறித்துக்கொள்ள ஒருவரும் இல்லை. புகைப் பரிசோதனை நிலையத்தில் அந்த வேலையைச் செய்வதற்கு ஒரு சிறிய ஆழமானியும் ஐந்து நிமிட நேரமும் போதும். சான்றிதழில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.